அலுவலகக் கணினிகளில் 'வைரஸ் தாக்கியுள்ளது' என்று வரும் போலி எச்சரிக்கைகள்: ஃபார்மட் செய்த பிறகும் போகவில்லை

பனியன்நகர் | 17 நவம்பர் 2025, இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். மொத்தம் 11 கணினிகள். ஏழில் விண்டோஸ் 11, நான்கில் விண்டோஸ் 10. சர்வர், எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் என்று எதுவும் கிடையாது. ஒரு ரௌட்டர், ஒரு சுவிட்ச், அவ்வளவுதான்.

தீபாவளி விடுமுறைக்குச் சற்று முன்பு கணக்குப் பிரிவின் கணினியில் தொடங்கிய தொல்லை, இப்போது அநேகமாக எல்லாக் கணினிகளிலும் இருக்கிறது. திரையின் வலது கீழ் மூலையில் சிவப்புக் கேடயச் சின்னத்துடன் ஒரு பெட்டி எழும்புகிறது. 'உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன' என்று ஒரு முறை, 'மெக்காஃபி சந்தா இன்றுடன் முடிகிறது' என்று மறுமுறை. எங்கள் அலுவலகத்தில் ஒரு கணினியிலும் மெக்காஃபி ஆன்டிவைரஸ் இல்லை.

நான் செய்தவை இவை. ஆன்டிவைரஸில் முழு ஸ்கேன் ஓட்டினேன்; ஒன்றும் அகப்படவில்லை. குரோமில் பாப்-அப்களை முழுவதுமாகத் தடுத்தேன். எச்சரிக்கை நிற்கவில்லை, மாறாக ஜிஎஸ்டி தளத்தில் டிஎஸ்சி எனப்படும் மின்னணுக் கையொப்பமிடும் சாளரம் திறக்காமல் போய், கணக்குப் பிரிவினரிடம் நான் பேச்சு வாங்கியதுதான் மிச்சம். பேக்கிங் பிரிவின் கணினியை ஃபார்மட் செய்தேன். ஒன்பதாம் நாள் மீண்டும் வந்துவிட்டது.

இதனிடையே முதலாளி, தொல்லை முதலில் தோன்றியது கணக்குப் பிரிவில் என்பதால், அங்கே பணிபுரியும் சகோதரி தகாத தளங்களைப் பார்த்திருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார். அந்தச் சகோதரி தாம் எதுவும் செய்யவில்லை என்கிறார். மாதத்தின் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டியின் 3பி படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டியிருப்பதால், அதுவரை அவருடைய கணினியை நான் தொடக் கூடாது என்பது உத்தரவு. எங்கிருந்து தொடங்குவது என்று யாரேனும் வழிகாட்ட வேண்டுகிறேன்.

---

கம்பிவடம் | 17 நவம்பர் 2025, இரவு 10.40

தம்பி, இனி ஒரு கணினியையும் ஃபார்மட் செய்ய வேண்டாம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது. கொளுத்திய பிறகும் பூச்சி வந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். அந்தப் பெட்டி உலாவியின் சாளரத்துக்குள் வருகிறதா, அல்லது வெளியே, வாட்ஸ்அப் செய்தி வருவது போலப் பணிப்பட்டைக்கு மேலே வருகிறதா? எந்த வலைப்பக்கமும் திறந்திராத வேளையிலும் வருகிறதா? மூன்றாவதுதான் முக்கியம்: பெட்டியில் பெரிய எழுத்துகளில் உள்ள மிரட்டலை விட்டுவிட்டு, அதைச் சுற்றிச் சிறிய, சாம்பல் நிற எழுத்துகளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். முடிந்தால் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அது சில விநாடிகளில் மறைந்துவிடும்.

---

பனியன்நகர் | 18 நவம்பர் 2025, பிற்பகல் 1.05

ஐயா, உலாவிக்கு வெளியேதான் வருகிறது. உலாவியை மூடிய பிறகும் இரண்டு முறை வந்ததை என் கண்ணால் பார்த்தேன். படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்ததில், மேலே 'கூகுள் குரோம்' என்று இருக்கிறது; செய்திக்குக் கீழே, எந்த மொழியிலும் பொருள் இல்லாத எழுத்துக் கூட்டம் ஒன்று, முடிவில் 'டாட் டாப்' என்று ஒரு தள முகவரி. இத்தனை நாள்களாக இதைப் பார்த்தும் அந்த வரியைப் படித்ததில்லை.

அந்த முகவரியை ரௌட்டரில் தடுத்தும் பார்த்தேன். அப்போது வைரஸ் செய்திக்குப் பதிலாக 'இந்தத் தளம் பின்னணியில் புதுப்பிக்கப்பட்டது' என்று ஒரு பெட்டி வந்தது. இது எனக்கு விளங்கவில்லை.

---

கம்பிவடம் | 18 நவம்பர் 2025, மாலை 6.30

அந்தக் கடைசி வரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. உங்கள் கணினிகளில் இருப்பது வைரஸ் அன்று. யாரோ ஒரு தளத்துக்குக் கொடுத்த அனுமதி.

2015இல் குரோம் 42ஆம் பதிப்பிலிருந்து, வலைத்தளங்கள் தங்கள் பக்கம் திறந்திராதபோதும் பயனருக்கு அறிவிப்பு அனுப்பும் வசதி வந்தது. மின்னஞ்சல், நாள்காட்டி, செய்தித் தளங்கள் ஆகியவற்றுக்கு இது பயனுள்ளதுதான். ஆனால், 'நீங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதிசெய்ய அலோ (அனுமதி) என்பதை அழுத்துங்கள்', 'காணொளி தொடங்க அலோ என்பதை அழுத்துங்கள்' என்று எழுதி, உலாவி கேட்கும் அனுமதிக் கேள்விக்கு அம்புக்குறி காட்டும் தளங்கள் பெருகிவிட்டன. ஒருவர் அழுத்திய அந்த நொடியில், அத்தளம் ஒரு சிறு நிரலை உலாவியின் கணக்குக் கோப்புறைக்குள் வைத்துவிடுகிறது. அதன் பிறகு அவர்கள் விரும்பிய நேரத்தில் விரும்பிய படத்தையும் வாசகத்தையும் உங்கள் திரையில் காட்டலாம். கேடயச் சின்னம் என்பது அவர்கள் அனுப்பிய ஒரு படம் மட்டுமே. அதைச் சொடுக்கினால் திறக்கும் பக்கத்தில்தான் அவர்களுக்கு வருமானம்: சிலர் ஆன்டிவைரஸ் விற்பனைப் பக்கத்துக்கு அனுப்பித் தரகு பெறுகிறார்கள், சிலர் தொலைபேசி எண்ணுடன் கூடிய மோசடிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

இனி, நீங்கள் செய்தவை ஏன் பலிக்கவில்லை என்பதைப் பாருங்கள். ஸ்கேனில் அகப்படாததற்குக் காரணம், அங்கே தீங்கான கோப்பு எதுவும் இல்லை. உலாவியின் அமைப்புக் கோப்பில் 'இந்தத் தளத்துக்கு அனுமதி உண்டு' என்ற ஒரு வரி இருக்கிறது, அதை ஆன்டிவைரஸ் குற்றமாகக் கருதுவதில்லை. பாப்-அப் தடுப்பு என்பது ஒரு பக்கம் இன்னொரு சாளரத்தைத் திறப்பதைத் தடுப்பது. அறிவிப்புக்கும் அதற்கும் உறவே இல்லை, ஆனால் உங்கள் டிஎஸ்சி சாளரத்துக்கு உறவு உண்டு, ஆகவே வேண்டியது நின்றது, வேண்டாதது தொடர்ந்தது. ரௌட்டரில் தடுத்தும் பெட்டி வந்ததற்குக் காரணம், அறிவிப்பு அந்தத் தளத்திலிருந்து நேராக வருவதில்லை. குரோமுக்குக் கூகுளின் சர்வர் வழியாகவும், எட்ஜுக்கு மைக்ரோசாஃப்டின் சர்வர் வழியாகவும், ஃபயர்ஃபாக்ஸுக்கு மொசில்லாவின் சர்வர் வழியாகவும் வருகிறது. தந்தி வந்து சேர்ந்தது. அதில் எழுத வேண்டிய வாசகத்தைத் தளத்திலிருந்து எடுத்துவரப் போன நிரல், வழி அடைபட்டிருந்ததால் வெறுங்கையுடன் திரும்பியது. எதையும் காட்டாமல் இருக்க உலாவி அனுமதிக்காது என்பதால் 'பின்னணியில் புதுப்பிக்கப்பட்டது' என்ற பொது வாசகம் தோன்றியது. ஃபார்மட் செய்தபோது அனுமதி அழிந்தது உண்மை. ஆனால் அதே ஊழியர் அதே தளத்துக்கு மீண்டும் போயிருப்பார், அதே கேள்விக்கு அதே பொத்தானை அழுத்தியிருப்பார்.

செய்ய வேண்டியது இதுதான். குரோமில் அமைப்புகள், தனியுரிமையும் பாதுகாப்பும், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று உள்ளே போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத ஒவ்வொன்றையும் நீக்குங்கள். எட்ஜிலும் இதே போன்ற பட்டியல் உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் தனியுரிமைப் பக்கத்தின் அனுமதிகள் பகுதியில் பார்க்க வேண்டும். குரோமின் 'சிஸ்டம்' பகுதியில், உலாவியை மூடிய பிறகும் பின்னணிச் செயலிகள் ஓடலாம் என்ற தேர்வை அணைத்துவிடுங்கள்; மூடிய பிறகும் வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஒரு கணினியில் இரண்டு குரோம் கணக்குகள் இருந்தால் இரண்டிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

---

பழையமோடம் | 18 நவம்பர் 2025, இரவு 8.15

கம்பிவடம் சொல்வது சரியே. இந்த வித்தைக்கு வயது அதிகம். 'வின்ஃபிக்ஸர்', 'எக்ஸ்பி ஆன்டிவைரஸ்' என்ற பெயர்களில் போலி ஸ்கேன் காட்டி விற்கப்பட்ட மென்பொருள்கள் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2008 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது; 2012இல் நீதிமன்றம் 16.3 கோடி டாலர் செலுத்தும்படி தீர்ப்பளித்தது. 2009 செப்டம்பரில் நியூ யார்க் டைம்ஸின் வலைத்தளத்திலேயே, ஒரு தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம் போல இடம் வாங்கிய கும்பல், வாரக்கடைசியில் அதைப் போலி வைரஸ் எச்சரிக்கையாக மாற்றிக் காட்டியது. ஆகவே, எச்சரிக்கையைப் பார்த்தவர் தகாத தளத்துக்குத்தான் போயிருக்க வேண்டும் என்ற முதலாளியின் கணக்கு அன்றே பொய்த்துவிட்டது.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். உங்களிடம் நான்கு கணினிகளில் விண்டோஸ் 10 இருக்கிறது. அதற்கான மைக்ரோசாஃப்டின் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதைப் பற்றி விண்டோஸே உண்மையான அறிவிப்பும் காட்டுகிறது. போலியைத் துரத்தும் வேகத்தில் அதையும் போலி என்று தள்ளிவிட வேண்டாம். தலைப்பில் உலாவியின் பெயரும் கீழே தள முகவரியும் இருந்தால் அது வலைத்தளத்தின் செய்தி. அந்த இரண்டும் இல்லாமல் விண்டோஸ் அமைப்புகளுக்குள்ளேயே அதே செய்தியைத் தேடிக் காண முடிந்தால் அது விண்டோஸின் செய்தி.

---

பேரேடு | 18 நவம்பர் 2025, இரவு 9.50

ஈரோட்டில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். எங்களுக்கும் சென்ற ஆண்டு இதே நிலை. பட்டியலைத் திறந்து பார்த்தபோது, ஊழியர்கள் அலுவலக வேலைக்காகவே போன இடங்கள்தான் அதிகம் இருந்தன என்பதைச் சொல்ல விரும்புகிறேன். பிடிஎஃப் கோப்புகளை ஒன்றாக இணைத்துத் தரும் தளம், பாமினி எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றித் தரும் தளம், கன்டெய்னர் எங்கே இருக்கிறது என்று காட்டுவதாகச் சொல்லும் தளம், பிரிண்டர் டிரைவர் தருவதாகச் சொல்லும் தளம். ஐபிஎல் ஆட்டத்தைத் திருட்டுத்தனமாக நேரலையில் காட்டும் தளமும் இருந்தது, அதை மறுக்கவில்லை. அது ஒன்று, மற்றவை பல.

பிடிஎஃப் இணைப்பதற்கு அலுவலகம் முறையான மென்பொருள் எதையும் தராமல், 'ஐந்து நிமிடத்தில் ஒரே கோப்பாக அனுப்பு' என்று மட்டும் சொன்னால், ஊழியர் கூகுளில் முதலில் வரும் தளத்தைத்தான் திறப்பார். அங்கே பச்சை நிறத்தில் மூன்று 'டவுன்லோட்' பொத்தான்கள் இருக்கும். அவற்றுள் இரண்டு விளம்பரம்.

இன்னொரு வேண்டுகோள். அறிவிப்புகளை எல்லாம் ஒட்டுமொத்தமாக அணைத்துவிடாதீர்கள். எங்கள் நிர்வாகி அப்படிச் செய்தபோது வாட்ஸ்அப் வெப்பில் வந்த செய்திகள் கண்ணில் படாமல், ஒரு வாடிக்கையாளர் ஓடிபி அனுப்பிக் காத்திருந்து காலாவதியானது. பாப்-அப் அமைப்பில் ஜிஎஸ்டி தளத்தை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிட்டு மற்றவற்றைத் தடுப்பிலேயே வைக்கலாம். எங்களுக்கு டிஎஸ்சி ஒழுங்காக வேலை செய்கிறது.

---

பனியன்நகர் | 19 நவம்பர் 2025, இரவு 8.20

அனைவருக்கும் நன்றி. கணக்குப் பிரிவின் கணினியைத் தவிர மற்றப் பத்திலும் பார்த்துவிட்டேன். ஒன்பதில் தொல்லை நின்றுவிட்டது. மெர்ச்சண்டைசரின் கணினியில் மட்டும் 23 தளங்களுக்கு அனுமதி இருந்தது. சகோதரி பேரேடு எழுதியது அப்படியே நடந்திருக்கிறது: பேக்கிங் லிஸ்ட்டையும் இன்வாய்ஸையும் இணைக்கப் பயன்படுத்திய ஒரு பிடிஎஃப் தளத்திலிருந்து நழுவிப் போன பக்கங்கள்தான் பாதி. நான் ஃபார்மட் செய்த பேக்கிங் பிரிவுக் கணினியிலும் அதே தளம்.

பத்தாவது, ஷிப்பிங் பிரிவின் கணினி, அடங்க மறுக்கிறது. அனுமதிப் பட்டியல் காலியாக இருக்கிறது. ஆனால் கூகுளில் எதைத் தேடினாலும் வேறொரு தேடல் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து வைரஸ் எச்சரிக்கைப் பக்கம் திறக்கிறது. குரோமின் மூன்று புள்ளி மெனுவின் அடியில் 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று எழுதியிருக்கிறது. நிறுவனம் என்றால் நான்தான். நான் எதையும் நிர்வகிக்கவில்லை.

---

நள்ளிரவுப்பணி | 20 நவம்பர் 2025, அதிகாலை 2.35

சென்னையில் உதவி மையம் ஒன்றில் இரவுப் பணியில் இருக்கிறேன். இந்த வாசகத்தை வாரம் ஒரு முறையாவது பார்ப்பவன். நிறுவனங்கள் குரோமைக் கட்டுப்படுத்த விண்டோஸின் அமைப்பு விவரங்கள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் 'பாலிசி' என்ற விதிகளை எழுதலாம். அதே இடத்தில் தீய மென்பொருளும் எழுதலாம். எழுதியவர் யார் என்று குரோமுக்குத் தெரியாது. நீங்கள் எழுதாத விதி உங்கள் கணினியில் இருந்தால், வேறு யாரோ அங்கே முதலாளியாக உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள்.

முகவரிப் பட்டையில் குரோம் என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடுகளும் இட்டு, 'பாலிசி' என்று தட்டினால் நடைமுறையில் உள்ள விதிகளின் பட்டியல் வரும். அதில் நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) கட்டாயமாக நிறுவும் விதி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், நீட்சிகள் பக்கத்தில் அந்த நீட்சியை நீக்கும் பொத்தானே செயல்படாது. முதலில் கன்ட்ரோல் பேனலில் அண்மையில் நிறுவப்பட்ட மென்பொருள்களைத் தேதி வாரியாக அடுக்கி, தெரியாததை நீக்குங்கள். பிறகு ரெஜிஸ்ட்ரியைப் பேக்கப் எடுத்துக்கொண்டு, ஹெச்கீ லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள், குரோம் என்ற பாதையில் உள்ள அந்த விதியை அழியுங்கள். கரன்ட் யூசர் கிளையிலும் இதே பாதையைப் பாருங்கள். மறுபடியும் முளைத்தால், வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் அதை எழுதிக்கொண்டிருக்கும் வேலை ஒன்று இருக்கும். இந்த ஒரு கணினியில் ஆன்டிவைரஸ் ஸ்கேன் பொருத்தமான மருந்து. மற்ற ஒன்பதில் அது தேவையற்றது.

நீட்சி போய்விட்ட பிறகும் திரும்பினால், அந்த ஊழியர் வீட்டில் பயன்படுத்தும் கூகுள் கணக்கில் அலுவலக உலாவியில் நுழைந்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஒத்திசைவு இயங்கினால் வீட்டுக் கணினியில் உள்ள நீட்சி அலுவலகத்துக்கும் வந்துவிடும்.

---

வாசல்மணி | 20 நவம்பர் 2025, காலை 11.10

இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்த நான் எழுதலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன். திண்டுக்கல் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். கம்பிவடம் சொன்ன மோசடிப் பக்கம் ஒன்றில் இருந்த தொலைபேசி எண்ணை அழைத்தவள் நான்.

ஒரு தளத்தின் பெயரைத் தட்டும்போது ஓர் எழுத்து மாறிவிட்டது. திரை முழுவதும் நீலமாகி, விண்டோஸ் டிஃபெண்டர் என்ற பெயருடன் பல பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. ஒலிபெருக்கியில் 'பீப்' என்ற சத்தமும், கணினியை அணைக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் குரலும் கேட்டுக்கொண்டே இருந்தன. மவுஸ் அம்பு மறைந்துவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பயந்தது வைரஸுக்காக அல்ல, அந்தச் சத்தம் மேலாளரின் அறைவரை கேட்குமே என்றுதான். அதை நிறுத்துவதற்காகவே எண்ணை அழைத்தேன்.

பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் என்ற மென்பொருளை நிறுவச் சொன்னார். பிறகு ஒரு கறுப்புச் சாளரத்தில் ஏதோ வரிகளை ஓடவிட்டார். இன்னொரு பட்டியலைத் திறந்து, சிவப்பு வட்டங்களையும் மஞ்சள் முக்கோணங்களையும் காட்டி, 'இவை ஒவ்வொன்றும் ஒரு தாக்குதல்' என்றார். 8,000 ரூபாய் கேட்டபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்து வயரைப் பிடுங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. பணம் போகவில்லை. ஆனால் இருபது நிமிடம் அவர் உள்ளே இருந்தார். அதை நினைத்தால் இன்றும் உறக்கம் வருவதில்லை. இப்போது நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

---

கம்பிவடம் | 20 நவம்பர் 2025, பிற்பகல் 12.45

அம்மா, வயரைப் பிடுங்கினீர்களே, அது சரியான செயல். அவர் காட்டிய பட்டியலின் பெயர் ஈவன்ட் வியூவர். நல்ல நிலையில் உள்ள எந்த விண்டோஸ் கணினியிலும் அதைத் திறந்தால் சிவப்பும் மஞ்சளும் கொட்டிக் கிடக்கும். பிரிண்டர் ஒரு முறை பதில் சொல்லாவிட்டால்கூட அங்கே ஒரு வரி பதிவாகும். என் கணினியில் இப்போதுதான் எண்ணினேன், இந்த வாரத்தில் மட்டும் 61.

ஆனால் இது அறிவிப்புத் தொல்லை போன்றதன்று. வேறொருவர் கணினிக்குள் இருந்திருக்கிறார், ஆகவே இன்றே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். எனிடெஸ்கை நீக்குவதற்கு முன்பு, யாரும் ஏற்காமலே உள்ளே வருவதற்கான கடவுச்சொல் அதில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். அன்றைய தேதியில் வேறு மென்பொருள் நிறுவப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உலாவியில் சேமித்த எல்லாக் கடவுச்சொற்களையும் வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள்: முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பிறகு மற்றவை. டிஎஸ்சி டோக்கன் அன்று செருகப்பட்டிருந்ததா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

யாருக்காவது பணம் போயிருந்தால், உடனே வங்கியையும் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணையும் அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பாக இருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடப்பவை வங்கியின் பொறுப்பு. நிறுவனக் கணினிக்குள் அனுமதியின்றி நுழைந்த நிகழ்வை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள், இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 அன்று வந்த உத்தரவு. ஊழியர் பயந்து மறைத்தால் நிறுவனம் அந்தக் கெடுவைத் தவறவிடும். உங்கள் மேலாளர் கோபித்தால் இதைச் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். அந்த நீலத் திரை ஒரு வலைப்பக்கம்தான், முழுத்திரையில் விரிக்கப்பட்டிருக்கிறது. எஸ்கேப் விசையைத் தொட்டுவிட்டு விடக் கூடாது, இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்; பெரும்பாலும் சுருங்கிவிடும். அடங்கவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எந்த வலைப்பக்கத்தாலும் இந்த மூன்றைப் பிடித்துவைக்க முடியாது. அது விண்டோஸுக்கு மட்டும் போகும் விசைச் சேர்க்கை. அங்கிருந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து உலாவியை முடித்துவிடலாம். மறுபடி திறக்கும்போது, 'முந்தைய பக்கங்களை மீட்கவா' என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மீட்டால் அதே நீலத் திரை வந்து நிற்கும். எட்ஜில் இத்தகைய முழுத்திரை மிரட்டல்களைக் கண்டறிய 'ஸ்கேர்வேர் பிளாக்கர்' என்ற வசதி இப்போது இருக்கிறது. அமைப்புகளில் அது இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருப்பதில்லை.

---

வாசல்மணி | 20 நவம்பர் 2025, மாலை 5.55

சொல்லிவிட்டேன். மேலாளர் கோபிக்கவில்லை, தமக்கும் ஒரு முறை அந்தத் திரை வந்ததாகச் சொன்னார். கணினி இப்போது சோதனையில் இருக்கிறது. கடவுச்சொற்களை மாற்றிக்கொண்டிருக்கிறேன். நன்றி அண்ணா.

---

பனியன்நகர் | 21 நவம்பர் 2025, இரவு 7.40

ஷிப்பிங் பிரிவின் கணினி குணமடைந்தது. நள்ளிரவுப்பணி சொன்ன இடத்தில் கட்டாய நீட்சி விதி இருந்தது. இலவச பிடிஎஃப் மென்பொருள் ஒன்றுடன் சேர்ந்து வந்திருக்கிறது. நீக்கினேன், ஸ்கேன் ஓட்டினேன், இரண்டு முறை மறுதொடக்கம் செய்தேன்; திரும்பவில்லை.

3பி தாக்கல் நேற்று முடிந்துவிட்டதால் நாளை கணக்குப் பிரிவின் கணினியைத் தொடலாம். அதற்கு முன் ஒரு கேள்வி. அனுமதி எந்த நாளில் கொடுக்கப்பட்டது என்று கண்டறிய முடியுமா? பட்டியலில் தேதி இல்லை. அந்தச் சகோதரியின் விளக்கக் கடிதம் இன்னும் முதலாளியின் மேசையில் இருக்கிறது.

இனி எல்லாக் கணினிகளிலும் புதிய அனுமதிக் கேள்வியே வராமல் தடுப்பதற்கும் வழி வேண்டும். டொமைன் இல்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

---

நள்ளிரவுப்பணி | 22 நவம்பர் 2025, அதிகாலை 1.20

முடியும், ஆனால் அனுமதியை நீக்கும் முன்பே பார்க்க வேண்டும். நீக்கினால் தேதியும் போய்விடும். பயனர் கோப்புறையில் ஆப்டேட்டா, லோக்கல், கூகுள், குரோம், யூசர் டேட்டா, டிஃபால்ட் என்று போனால் 'பிரிஃபரன்சஸ்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அதை நகலெடுத்து, நகலை நோட்பேடில் திறந்து, அந்தத் தளத்தின் பெயரைத் தேடுங்கள். அறிவிப்புப் பகுதியில், பெயருக்கு அருகில் கடைசியாக மாற்றிய நேரம் என்று 17 இலக்க எண் ஒன்று இருக்கும். குரோம் நேரத்தை 1601 ஜனவரி 1 முதல் மைக்ரோ விநாடிகளில் எண்ணுகிறது. முதல் 11 இலக்கங்களை மட்டும் எடுத்தால் அவை விநாடிகள். அதிலிருந்து 11644473600 என்ற எண்ணைக் கழியுங்கள். நம் நேரத்துக்காக 19800 கூட்டி, 86400ஆல் வகுத்து, 25569 கூட்டினால் எக்செல் அதைத் தேதியாகவே காட்டும்.

தடுப்பதற்கு டொமைன் தேவையில்லை. முன்பு திருடன் விதி எழுதிய அதே ரெஜிஸ்ட்ரிப் பாதையில் இப்போது நீங்கள் எழுதுங்கள். அறிவிப்புகளுக்கான இயல்புநிலை விதிக்கு 2 என்று மதிப்புக் கொடுத்தால் எல்லாத் தளங்களுக்கும் தடை. அனுமதிக்கப்பட்ட தளங்களுக்கான விதியில் உங்களுக்கு வேண்டியவற்றைச் சேர்த்துவிடுங்கள். எட்ஜுக்கு மைக்ரோசாஃப்ட், எட்ஜ் என்ற பாதையில் தனியாக எழுத வேண்டும். இதன் பிறகு எல்லாக் கணினிகளிலும் 'நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று வரும். ஊழியர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கவும்.

---

பனியன்நகர் | 22 நவம்பர் 2025, இரவு 9.30

இன்று மதியம் கணக்குப் பிரிவின் கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தேன். ஒரே ஒரு தளத்துக்குத்தான் அனுமதி இருந்தது. எண்ணின் முதல் 11 இலக்கங்கள் 13404060660. எக்செலில் போட்டுப் பார்த்தேன்: 2025 அக்டோபர் 4, இரவு 7.41.

அது ஆயுத பூஜைக்குப் பிறகு வந்த சனிக்கிழமை. வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்தச் சகோதரி தம் தங்கையின் திருமணத்துக்காக அந்த வாரம் முழுவதும் விடுப்பு. அன்று மாலை கணக்குப் பிரிவில் பழைய பிரிண்டரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தவன் நான். சிடி டிரைவ் இல்லாததால் டிரைவரைக் கூகுளில் தேடினேன். முதலில் வந்த தளம் நான் ரோபோ இல்லை என்பதை உறுதிசெய்யச் சொன்னது, அழுத்தியிருக்கிறேன். அழுத்திய நினைவுகூட இல்லை.

முதலாளியிடம் அந்த எண்ணையும் பதிவேட்டையும் சேர்த்துக் காட்டினேன். சிறிது நேரம் எக்செலைப் பார்த்தார். பிறகு அந்த விளக்கக் கடிதத்தை எடுத்து என்னிடமே கொடுத்து, 'நீயே போய்க் கொடுத்துவிடு' என்றார். திங்கட்கிழமை அந்தச் சகோதரி வேலைக்கு வந்ததும் கொடுக்க வேண்டும்.

விதிகளை 11 கணினிகளிலும் எழுதிவிட்டேன். அனுமதிப் பட்டியலில் மூன்று தளங்கள் மட்டும்: வாட்ஸ்அப் வெப், ஜிமெயில், எங்கள் பையரின் (எங்களிடம் வாங்குபவரின்) ஆர்டர் தளம். பாப்-அப் அனுமதியில் ஜிஎஸ்டி தளம் தனியாக இருக்கிறது. பிடிஎஃப் இணைக்க ஒரு மென்பொருள் வாங்குவதற்கு விலைப்பட்டியல் கேட்டிருக்கிறார்கள். சகோதரி பேரேடு, உங்கள் அலுவலகத்தில் எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.